உப்பைச் சும்மா விடாத அண்ணாத்த

அண்ணாத்த தெருமுனையில் வருவது தெரிந்தால் என் அம்மா முதல் வேலையாக வெந்நீர்ப் பானையை எடுத்து அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைப்பாள். இல்லாவிட்டால் அவர் செருப்பைக் கழற்றிய கையோடு அடுப்படிக்குள் போய்ப் பானையைக் கவிழ்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நிற்பார். உள்ளே வெள்ளையாக ஓடு கட்டியிருக்கும். செங்கல்பட்டுப் பக்கம் போர் தண்ணீர் அப்படி. காய்ச்சக் காய்ச்ச அதிலிருக்கிற உப்பெல்லாம் அடியில் இறங்கிக் காரையாகிவிடும். அது இல்லாத வீடே கிடையாது.

"எல்லார் வூட்லயும் கீதுன்னா அத்த அப்டியே வுட்டுட முடியுமா?" என்று கேட்டுக்கொண்டே கட்டைவிரல் நகத்தால் சுரண்ட ஆரம்பிப்பார்.

"ஏம்பா, டீ குடிக்க வந்தியா, பானை சொரண்ட வந்தியா?" என்பாள் அம்மா.

"டீ ஆறட்டும் பெரிம்மா. அதுவரிக்கும் கை சும்மாதான கீது."

நேரில் எல்லோரும் அவரை அண்ணாத்த என்றுதான் கூப்பிடுவோம். முதுகுக்குப் பின்னால் சுரண்டி. இரண்டாவது பெயரை வைத்தது யார் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

வீடு சிங்கப்பெருமாள் கோயிலில். நெட்டையான, ஒல்லியான உடம்பு. சட்டை முழுக்கப் பொட்டுப் பொட்டாக ஆசிட் தின்ற ஓட்டை. வெயிலில் நின்றால் முதுகில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் விழும். அவர் தொழிலே சுரண்டல்தான். அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலும் கடற்கரை ஓட்டல்களிலும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்று ஒன்று இருக்கும். பெயர்தான் பெரிது. ஆள் நீளத்துக்கு ஒரு இரும்பு உருளை, அதற்குள் கட்டுக் கட்டாகக் குழாய். குழாய்க்கு உள்ளே தண்ணீர் ஓடும், வெளியே நீராவி சூழ்ந்திருக்கும். அந்தச் சூடு குழாய்ச் சுவரைத் தாண்டித் தண்ணீருக்குப் போகவேண்டும். உள்ளே உப்பு படிந்துவிட்டால் போகாது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெயில் காய்கிற மாதிரி. அந்தக் கம்பளியை உரிக்கிறதுதான் அண்ணாத்தயின் வேலை. பம்பும் ஆசிட் டிரம்மும் ஹோஸ் பைப்பும் அவருடையது. அதையெல்லாம் ஏற்றிப்போகிற லோடு ஆட்டோ என்னுடையது. அப்படித்தான் எங்கள் சிநேகிதம்.

மற்ற காண்டிராக்டர்கள் முக்கால்வாசி உப்பு போனதும் பைப்பைச் சுருட்டிவிடுவார்கள். அடுத்த வருஷம் வேலை வேண்டாமா? அண்ணாத்தக்கு அந்தக் கணக்கெல்லாம் வராது. டார்ச் அடித்து உள்ளே பார்ப்பார். ஒரு குழாயில் ஒரு வெள்ளைக் கீற்று தெரிந்தாலும் மறுபடி மூடி, மறுபடி ஆசிட்டை ஓடவிடுவார். வெளியே வண்டியில் நான் ஒரு தூக்கம் தூங்கி எழுந்து, நாஸ்தா தின்றுவிட்டு, மறுபடி தூங்கியிருப்பேன்.

"வா அண்ணாத்த, போலாம். அவனே போதும்ன்ட்டான்."

"அவனுக்கு போதும். உள்ள கீதே, அதுக்கு இன்னா சொல்ற?"

"அது உன்கிட்ட வந்து அழுதுச்சா?"

"நீ போய் தூங்கு போ."

அவருக்குப் பெண் பார்க்கிற வேலையை அவருடைய அக்கா கையில் எடுத்திருந்தாள். தம்பிக்கு முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டதே என்று அந்த அம்மாளுக்குத் தூக்கம் இல்லை. மதுராந்தகத்துப் பக்கம் ஒரு இடம். என் லோடு ஆட்டோவில் பாய் விரித்து, வெற்றிலைப் பாக்குத் தட்டோடு போனோம். கேசரியும் பஜ்ஜியும் வந்தது. கை கழுவிவிட்டு வருகிறேன் என்று கொல்லைப்புறம் போன அண்ணாத்த வரவே இல்லை. பெண்ணையும் காணவில்லை. பெண்ணின் அப்பா முகம் மாறிப்போய் எழுந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். ஓடிவிட்டார்களோ என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

குளியலறையில் மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெந்நீர் அண்டாவுக்குள் தலையை விட்டுப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பட்டுப்புடவையோடு பெண் நின்று புளி உருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது அக்கா ஆசையாகக் கேட்டாள். "பொண்ணு எப்டிடா?"

"அண்டாவ பாத்தியாக்கா? அடியில இவ்ளோ ஒசரத்துக்கு உப்பு. எப்டித்தான் குளிக்கறாங்களோ."

"பொண்ணுடா!"

"எந்தப் பொண்ணு?"

ரெண்டு நாள் கழித்துப் பெண் வீட்டிலிருந்து சேதி வந்தது. பையன் தங்கமான பையன், ஆனால் பெண்ணைக் கட்ட வந்தாரா அண்டாவைக் கட்ட வந்தாரா என்று எங்களுக்குப் புரியவில்லை என்று. அதற்குப் பிறகு பார்த்த இரண்டு இடமும் இதே மாதிரி. ஒரு இடத்தில் பெண்ணின் மாமாவைப் பார்த்து, "பல்லுல காரை கீது, எடுத்துடுங்க, ஈறு கெட்டுடும்" என்று சபையில் சொல்லிவிட்டார். சொன்னது நிஜம். அந்த மாமாவுக்கு நிஜம் பிடிக்கவில்லை.

சிங்கப்பெருமாள் கோயில் பஸ் ஸ்டாப் டீக்கடையில் இன்னும் மோசம். மாஸ்டர் ஊருக்குப் போயிருந்த நாளில், ஓனரிடம் கேட்டு டீ பாய்லரை வாங்கி, உள்ளே கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்தார். மறுநாளிலிருந்து டீ நன்றாக இல்லை என்று எல்லோரும் கிளாசை வைத்துவிட்டுப் போகிறார்கள். ஊரிலிருந்து வந்த மாஸ்டர் வடிகட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அடிக்க வந்துவிட்டார்.

"எத்தினி வருசத்து ருசிடா அது! கரச்சி ரோட்ல ஊத்திட்டியே!"

"அது ருசி இல்ல மாஸ்டர், உப்பு."

"என் உப்பு! உன்ன எவன் கேட்டான்?"

ஒரு மாதம் அந்தக் கடைப்பக்கம் அண்ணாத்தயால் தலைகாட்ட முடியவில்லை. எனக்கு டீ பழைய மாதிரியேதான் இருந்தது. ஆனாலும் மாஸ்டர் பக்கம் சேர்ந்துகொண்டு, "சப்புன்னு கீது மாஸ்டர்" என்று தினமும் சொன்னேன். சும்மா ஒரு தமாஷுக்கு.

இப்படிப்பட்ட மனிதர் முதன்முதலாக ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்தது மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், ஈ.சி.ஆர் ரோட்டில், கடலைப் பார்த்த ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில். செல்போனில் வருகிற அழைப்புக்கும் காசு பிடித்த காலம் அது. ஓட்டலின் பின்பக்கம் சவுக்குத் தோப்பை ஒட்டி நீளமாக ஒரு கொட்டகை. பெரிய பெரிய வாஷிங் மெஷின்கள். அவற்றைத் தாண்டியும் கேட்கிற குரல் ஒன்று. அந்தக் குரலின் சொந்தக்காரிதான் கஸ்தூரி, சலவைக்கூடத்துக்குப் பொறுப்பு. கிட்டத்தட்ட அண்ணாத்த வயசு. கல்யாணம் ஆகவில்லை. கேட்க வந்தவர்கள் எல்லாம் அந்தக் குரலைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போயிருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

நாங்கள் போன அன்றைக்குக் கஸ்தூரியக்கா ஒரு படுக்கை விரிப்பைத் தூக்கி எங்கள் முகத்துக்கு நேராக விரித்தார். நடுவில் மஞ்சளாக ஒரு ஆள் படுத்திருந்த அச்சு.

"இத்த பாருய்யா! வெள்ளக்காரன் வெயில்ல படுக்கறதுக்கு ஒடம்பெல்லாம் எண்ணெய் பூசிகினு வந்து இதுல வுழறான். கொதிக்கற தண்ணி இருந்தாத்தான் இது போவும். எனுக்கு வர்றது கை கழுவற தண்ணி. அந்த ரெண்டு பொட்டியும் உப்பு கட்டிகினு கீது. எப்ப சுத்தம் பண்ணுவ? சொல்லு! யோவ், உன்னத்தான்!"

அண்ணாத்தக்குக் காது கேட்கவில்லை. மேசையிலிருந்த ஸ்டீம் அயர்ன் பாக்ஸை எடுத்துத் திருப்பி, ஆவி வருகிற ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஓட்டையில்கூட வெள்ளை இல்லை.

"யாரு இத்த சுத்தம் பண்றது?" என்றார்.

"நான்தான். வாரா வாரம் வினிகர் ஊத்தி எடுப்பேன். இன்னா இப்ப?"

அப்போதுதான் அண்ணாத்த நிமிர்ந்தார். அயர்ன் பாக்ஸை மெதுவாக வைத்துவிட்டு அந்த அம்மாளையே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏன்டா, இந்தாளுக்கு வாய் வராதா?" என்று கஸ்தூரியக்கா என்னைக் கேட்டார்.

"இப்பத்தான் அடச்சிகிச்சுக்கா. கொஞ்ச நேரத்துல சரியாயிடும்."

விஷயம் விளையாட்டு இல்லை என்பது அப்புறம் தெரிந்தது. விரிப்பெல்லாம் மஞ்சளாக இருக்கிறது என்று ஓட்டல் மேனேஜர் சலவைக்கூடத்தையே மூடிவிட்டுத் துணியை மெட்ராசில் ஒரு சலவைக் கம்பெனிக்கு அனுப்புவதாக இருந்தார். மூடினால் அங்கே வேலை செய்கிற பெண்கள் அத்தனை பேரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். எல்லாம் அக்கம்பக்கத்துக் கிராமம். பாதிப் பேர் வீட்டில் அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. கஸ்தூரியக்கா மேனேஜர் அறைக்குள் போய்ச் சண்டை போட்டு ஒரு வாரம் கெடு வாங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய கூட்டம் வருகிறது. அவர்களுக்கு விரிக்கிற துணி வெள்ளையாக இருந்தால் சலவைக்கூடம் இருக்கும். இல்லாவிட்டால் இல்லை.

கஸ்தூரியக்கா பொட்டி என்று சொன்ன எக்ஸ்சேஞ்சர் இரண்டு. அண்ணன் தம்பி மாதிரி பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன. இரண்டுமே பழசு. அந்த ஓட்டலின் என்ஜினியர் ஒரு கோயம்புத்தூர்ப் பையன். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும் அவருக்கு. புதன்கிழமை காலையில் நாங்கள் பம்பை இறக்கும்போதே வந்து சொன்னார்.

"ஏனுங்க, கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க. உள்ளே குழாயெல்லாம் அரிச்சுப் போயிருக்குதுங்க. பாதி எடத்துல அந்த உப்புதானுங்க ஓட்டையை அடைச்சிட்டு இருக்குது. மேலாப்ல கரைச்சுட்டு நிறுத்தீருங்க. மொத்தமா எடுத்தீங்கன்னா ஒழுகீருமுங்க."

"சரி சார்," என்றார் அண்ணாத்த. அவர் 'சரி' சொன்ன வேகத்தைப் பார்த்தே கேட்கப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆசிட் ஓடும்போது டிரம்முக்குத் திரும்பி வருகிற தண்ணீரில் நுரை பொங்கும். உப்பு கரைகிறது என்று அர்த்தம். நுரை அடங்கினால் கரைகிற உப்பு தீர்ந்தது. அதற்கு மேலும் ஓடவிட்டால் ஆசிட் குழாயைத் தின்ன ஆரம்பிக்கும். இது அண்ணாத்தக்குத் தெரியாததா? எனக்கே தெரியும். நுரை பாதியானபோது என்ஜினியர் வந்து, "போதுமுங்க" என்றார். அண்ணாத்த தலையாட்டினார். நுரை சுத்தமாக அடங்கியது. மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். நான்கைந்து குழாயில் வெள்ளைக் கீற்று. கரையாத வகை உப்பும் உண்டு, அது.

"அண்ணாத்த, மூடு. கெளம்பலாம்."

"தோ, ஒரே ஒரு ரவுண்டு."

"அந்தாளு சொன்னாரு இல்ல?"

"அவரு சின்னப் பையன்டா. பயப்படறாரு. அந்தம்மாவுக்கு கொதிக்கக் கொதிக்க தண்ணி வரணும். பாதி வேல பண்ணிட்டு எப்டி அந்தம்மா மூஞ்ச பாக்கறது?"

புதுசாக ஒரு காரணமும் கிடைத்துவிட்டது அவருக்கு. புது ஆசிட்டை ஊற்றினார். ஓடியது, ஓடியது, மதியச் சாப்பாடு முடிந்தும் ஓடியது. கடைசியில் மூடியைத் திறந்தபோது குழாய்களெல்லாம் புதுச் செம்பாகப் பளபளத்தன. அண்ணாத்த என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பிள்ளை பெற்றவர் மாதிரி முகம்.

சோதனைக்காக என்ஜினியர் குழாய்களுக்கு வெளிப்பக்கம் தண்ணீரை நிரப்பச் சொன்னார். குழாய்கள் நன்றாக இருந்தால் அவற்றின் வாயிலிருந்து ஒரு சொட்டுகூட வரக்கூடாது. முதலில் ஒரு குழாய் வாயில் சொட்டியது. அப்புறம் பக்கத்தில் ஒன்று. அப்புறம் பூவாளியைச் சாய்த்த மாதிரி மொத்தமும் ஊற்ற ஆரம்பித்தது.

என்ஜினியர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ரொம்ப நல்லாப் பண்ணிட்டீங்க. ரொம்பச் சந்தோஷமுங்க ஐயா. நீங்க நல்லா இருக்கோணுமுங்க."

சத்தம் கேட்டுக் கஸ்தூரியக்கா ஓடிவந்தார். பின்னாலேயே சலவைப் பெண்கள் எல்லோரும். நான் அண்ணாத்தயின் இடுப்பில் இடித்துக் காதோடு சொன்னேன்: "குழாயி பழசு, தொட்டாலே ஒடஞ்சிச்சுன்னு சொல்லிடு. யாரு பாத்தா?"

அவர் என் கையைத் தள்ளிவிட்டார். "சார் போதும்னாரு. நான் கேக்கல. நொர நின்னப்புறமும் வுட்டேன். தப்பு என்னுது," என்றார். அவ்வளவு பேருக்கும் கேட்கிற மாதிரி.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். கஸ்தூரியக்கா ஒழுகுகிறதைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நான் காதைத் தயாராக வைத்திருந்தேன். வந்தது மெல்லிய குரல். அதுதான் பயமாக இருந்தது.

"இன்னொண்ணு கீது இல்ல? அத்த பண்ணு நாளைக்கு."

"மாட்டேன்மா," என்றார் அண்ணாத்த. "வேற ஆள வெச்சி பண்ணிக்கோ. எனுக்கு நடுவுல நிறுத்த வராது. கை வெச்சா அதுவும் போயிடும்."

"வேற ஆளுக்கு எங்க போறது? நாளான்னிக்கு கூட்டம் வருது. நீ ஓட்டு. நான் நிறுத்தறேன்."

"உனுக்கு எப்ப நிறுத்தறதுன்னு எப்டிம்மா தெரியும்? நொரய பாக்கத் தெரியணும்."

கஸ்தூரியக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். "இருவது வருசமா சோப்பு நொரயில நிக்கறேன். எனுக்கு நீ நொர பாக்க சொல்லித் தரியா?"

மறுநாள் காலையில் இரண்டாவது எக்ஸ்சேஞ்சருக்குப் பைப்பை மாட்டினோம். பம்பு சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக் கஸ்தூரியக்கா உட்கார்ந்துகொண்டார். டிரம்முக்கு மறுபக்கம் என்ஜினியர். நுரை பொங்கிக்கொண்டு வந்தது. அண்ணாத்த டிரம்மைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"யோவ், நீ இங்க நிக்காத. எனுக்கு தலய சுத்துது. டேய் டிரைவரு, இந்தாள இட்னு போ."

நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சவுக்குத் தோப்பில் உட்கார வைத்தேன். கடல் அலைச் சத்தம் ஒரு பக்கம், பம்பு சத்தம் ஒரு பக்கம். அவர் கடல் பக்கம் திரும்பவே இல்லை. மணலில் கிடந்த ஒரு சிப்பியை எடுத்து அதன் மேலிருந்த வெள்ளையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணாத்த, அது சிப்பியே அதான். சொரண்டினா ஒண்ணும் மிஞ்சாது."

"கம்முனு குந்துடா."

"உள்ள ஓடறது உன் ஆசிட்டு, உன் பம்பு. ஆனா சுவிட்சு அவங்க கையில. கல்யாணம் ஆன மாதிரியே கீது உனுக்கு."

அடிக்கக் கையை ஓங்கினார். அப்போது பம்பு நின்றது.

அவர் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. "நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு."

"இப்பவேவா? பாதிகூட போயிருக்காதேடா!" எழுந்து ஓடப் பார்த்தார். நான் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். அவிழ்ந்துவிடும் என்கிற பயத்தில் உட்கார்ந்துவிட்டார். "உள்ள எவ்ளோ மிச்சம் கீதோ," என்றார். பெற்ற பிள்ளையை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கிறவர் குரல்.

சோதனையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. சாயந்திரம் நீராவியைத் திறந்தார்கள். சலவைக்கூடத்திலிருந்து ஒரு பெண் "அய்யோ சுடுது!" என்று கத்தினாள். அவ்வளவு பேரும் சேர்ந்து கைதட்டினார்கள். கையைச் சுட்டுக்கொண்டதற்குக் கைதட்டல் வாங்கியது அவள் ஒருத்திதான். எண்ணெய் அச்சு விரிப்பெல்லாம் வெளுத்து, சவுக்குத் தோப்புக் கயிற்றில் கண் கூசக் காய்ந்தது. வெள்ளிக்கிழமை மேனேஜர் வந்து துணியைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். ஒன்றும் சொல்லாவிட்டால் வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த வேலைக்குப் பணம் வேண்டாம் என்று அண்ணாத்த சொல்லிவிட்டார். அதைக் கேள்விப்பட்ட கஸ்தூரியக்கா ஒரு நாள் என்னை வழியில் மடக்கினார்.

"டேய், உங்க அண்ணாத்தக்கு பொண்ணு பாத்துகினு கீறாங்களாமே?"

"பாக்கறாங்கக்கா. அவருதான் பொண்ண பாக்க மாட்டறாரு."

"அன்னிக்கு அத்தினி பேரு முன்னால தப்பு என்னுதுன்னு சொன்னாரே, அது நீ சொல்லிக் குடுத்தியா?"

"நான் சொல்லிக் குடுத்தது வேறக்கா. அவரு கேக்கல."

"தெரியும். உன் மூஞ்சப் பாத்தாலே தெரியும்." கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பை முறுக்கினார். அந்தக் குரலுக்கு வெட்கம்கூட வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். "எனுக்கு சம்மதம்னு சொல்லு. ஆனா ஒண்ணு. அந்தப் பொட்டிய அவரு இனிமே தொடக்கூடாது. எங்க எல்லார் வூட்டு சோறும் அதுல கீது."

நான் போய்ச் சொன்னேன். அண்ணாத்த நம்பவில்லை. என் தலையில், என் அம்மா தலையில், கடைசியில் வண்டி மேலும் சத்தியம் வாங்கிக்கொண்டு நம்பினார். முகமெல்லாம் மலர்ந்தது. அப்புறம் கண்டிஷனைச் சொன்னேன். மலர்ந்தது கொஞ்சம் மடங்கியது.

"தொடவே கூடாதா? தொறந்து பாக்கறது?"

"கூடாது."

"டார்ச்சு அடிச்சி..."

"அண்ணாத்த! உனுக்கு பொண்ணு வேணுமா, பொட்டி வேணுமா?"

யோசித்தார். சாமி சத்தியமாக யோசித்தார்.

வார்த்தையைக் காப்பாற்றினார் என்பதுதான் ஆச்சரியம். ஓட்டல் சமையலறைப் பாய்லர் வேலைக்கு அப்புறமும் போனோம். போகும்போதெல்லாம் அந்த எக்ஸ்சேஞ்சர் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். சர்க்கரை வியாதிக்காரர் மிட்டாய்க் கடைக்கு முன்னால் நிற்கிற மாதிரி. என்ஜினியர் பார்த்துவிட்டால், "வாங்க, நல்லா இருக்கீங்களா ஐயா" என்று ஓடிவந்து நடுவில் நின்றுகொள்வார்.

மழைக்காலம் முடிந்தது. ஓட்டல்காரர்களே இரண்டு புது எக்ஸ்சேஞ்சர் வாங்கி மாட்டினார்கள். தை மாதம் சிங்கப்பெருமாள் கோயிலில் கல்யாணம். முதல் நாள் பெண் வீட்டுச் சீரை ஏற்றி வர என்னை மாமல்லபுரத்துக்கு வரச் சொல்லியிருந்தார் கஸ்தூரியக்கா. போய்ப் பார்த்தால் ஒரு பீரோ, ஒரு கட்டில், நான்கைந்து பாத்திரம். அவற்றுக்கு நடுவில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கழுத்தில்லாத உடம்புக்கு எங்கேயோ ஒரு மாலையும் போட்டு, அந்த இரண்டாவது எக்ஸ்சேஞ்சர்.

"பழசுதான? என்ஜினியர் சாரு எழுதிக் குடுத்து எனுக்கே தந்துட்டாரு," என்றார் அக்கா. "பாத்து ஏத்து. ஆட்டாத."

செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள் என் மானம் போய்விட்டது. ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது ஒரு கிழவர் கும்பிட்டுவிட்டு, எந்தக் கோயில் சாமி என்று கேட்டார். கட்டில் கால் அழுத்தி மாலை அறுந்து அதன் மேலேயே கிடந்தது. "கல்யாணப் பொண்ணு வூட்டு சீரு தாத்தா," என்றேன். அவர் ஒரு தடவை என்னையும் ஒரு தடவை அதையும் பார்த்துவிட்டு, "காலம் கெட்டுப் போச்சு" என்று போனார்.

மண்டப வாசலில் வண்டி நின்றதும் அண்ணாத்தயின் அக்கா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். சொந்தக்காரர்கள் எல்லாம் சுற்றிக்கொண்டு, இது தண்ணீர்த் தொட்டியா பீரங்கியா என்று பேசிக்கொண்டார்கள். அண்ணாத்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம். வண்டிக்குள் எட்டிப் பார்த்தவர் பழக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பின்னால் வந்த வேனிலிருந்து கஸ்தூரியக்கா தலையை நீட்டினார். "இப்ப எவன் வூட்டு சோறும் அதுல இல்ல. ஆச தீர சொரண்டு!"

தாலி கட்டினார். சாப்பாடு முடிந்தது. விருந்து, மறுவீடு என்று எல்லாம் ஓய்கிறவரை எப்படித்தான் பொறுத்திருந்தாரோ. ஒரு காலையில் நான் போனபோது வாசலில் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. தடுக்க யாரும் இல்லை. நுரை பொங்கி, அடங்கி, அதற்கு அப்புறமும் ஓடியது. மூடிகளைக் கழற்றியபோது உள்ளே ஒரு வெள்ளைக் கீற்று இல்லை. அத்தனை குழாயும் தகதகவென்று மின்னியது.

"தண்ணி ரொப்புடா," என்றார் என்னைப் பார்த்து.

"வேணாம் அண்ணாத்த, ஊத்தும்."

"ஊத்தட்டும். ரொப்பு."

நிரப்பினேன். ஒவ்வொரு வாயாகச் சொட்டி, அப்புறம் கொட்டி, வாசல் முழுக்கத் தண்ணீர். அண்ணாத்த இந்த முனையில் குந்திக்கொண்டு ஒரு குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்தார். உடனே அதே குழாய் அந்த முனையில் வேகமாக ஊற்றியது. எழுந்து அந்தப் பக்கம் ஓடி அடைத்தார். இந்தப் பக்கம் ஊற்றியது. வேட்டியெல்லாம் நனைந்து, இங்கும் அங்கும் ஓடி, சிரித்துக்கொண்டே உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இந்தாம்மே, இங்க வா! ஒரு ஆளால ஆவல! அந்தக் கோடிய நீ புடி!"

கஸ்தூரியக்கா மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார். "எதும்மேல கைய வெக்கணும்?" என்று கேட்டு அந்த முனையில் குந்திக்கொண்டார். அண்ணாத்த இந்தப் பக்கம் விரலை வைத்தார். அக்கா அந்தப் பக்கம். அந்த ஒரு குழாய் நின்றது. மற்றதெல்லாம் இரண்டு பேர் முகத்திலும் ஊற்றிக்கொண்டிருந்தது.

நானும் ஒரு விரலைக் கொடுத்திருப்பேன். ஆனால் அந்த நேரத்தில் என்னை இரண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நனைவதற்கு முன்னால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.